நாற்பத்தொரு வார்த்தைக்குள் ஒரு லாரி

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் ஆங்கிலம் படிக்கக் கிளம்பினால் அவனை யாராவது பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். என்னை யாரும் உட்கார வைக்கவில்லை. என் மனைவி வாசுகி மட்டும், "இத்தன வருசம் தமிழ்ல கத்துனது பத்தாதா?" என்று கேட்டாள். அதை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

பெயர் கமலநாதன். பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் சிஃப்ட் லீடர். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி ஆறு வருடம், அப்புறம் மலாய்ப்பள்ளி. அங்கே ஆங்கிலப் பாடமும் இருந்தது, நானும் இருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. ஆலையில் இருபத்தாறு வருடத்தை "கேன் பாஸ்", "கேனாட் பாஸ்" என்ற இரண்டே வாக்கியங்களில் ஓட்டிவிட்டேன். நடுவில் வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை.

போன வருடம் கம்பெனி கை மாறியது. புது முதலாளிகள் வந்ததும், இனி ரிப்போர்ட்டெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதே நேரம் சூப்பர்வைசர் லீ வருடக் கடைசியில் ஓய்வு பெறப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அவர் நாற்காலிக்கு வரிசையில் அடுத்து நிற்பவன் நான்தான். ரிப்போர்ட் எழுத வந்தால் நாற்காலி, வராவிட்டால் எவனோ ஒரு டிப்ளோமா பையன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து ஊரான மாசாயில் சுப்ஹான் பாயின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அவர் மகள் ஃபரீஹா ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சனிக்கிழமை சாயங்காலம் கடை மாடியில் எங்களைப் போன்ற காலம் கடந்த கேஸ்களுக்கு வகுப்பு எடுத்தாள். இலக்கணப் புத்தகம் கிடையாது. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தி, அந்தச் செய்தியில் ஒரு வாக்கியம், அதை வெங்காயம் மாதிரி உரிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"யாரு? என்ன செஞ்சாங்க? இந்த ரெண்ட மொதல்ல புடிங்க அங்கிள்" என்றாள் முதல் நாளே. "மிச்சமெல்லாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி. எங்க உக்கார வச்சாலும் உக்காருவாங்க."

இப்படி யாராவது எனக்கு நாற்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் வக்கீலாகியிருப்பேன் என்று தோன்றியது. மூன்று பேனா வாங்கினேன். ஆளுக்குச் சிவப்பு, செயலுக்கு நீலம், சொந்தக்காரர்களுக்குப் பச்சை. தினம் ஒரு வாக்கியம். நேற்றைய ஆங்கிலப் பத்திரிகையை ஆலைக் காவலாளிகளிடமிருந்து லெட்சுமணன் அண்ணன் வாங்கிவந்து தருவார். எங்கள் சிஃப்டின் பம்ப் ஆப்பரேட்டர். வயது ஐம்பத்தேழு. என் தோட்டத்துக்காரர்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இந்த ஆலையின் வாசலுக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். மலாய் நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது. நான் கலர் கலராகக் கோடு போடுவதை எட்ட நின்று பார்த்துவிட்டு, "எஞ்சினியர் படம் மாதிரி இருக்கு நாதா" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம். என் ஆங்கிலம் முழுவதும் செய்தியிலிருந்து வந்தது, செய்தியில் நல்ல சேதி எங்கே இருக்கிறது? கவிழ்வது, கைதாவது, வெள்ளத்தில் மூழ்குவது, மந்திரி மறுப்பது, இவைதான் எனக்கு வரும். ஒரு காலை சூப்பர்வைசர் லீ, எப்படி இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இன் ஸ்டேபிள் கண்டிஷன்" என்றேன், சட்டென்று. எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று கவலையோடு விசாரித்தார் பாவம்.

வீட்டிலும் வாய் சும்மா இருக்கவில்லை. மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு குறைவாக இருப்பதாக நம்பப்படுகிறது" என்றேன் வாசுகியிடம்.

"நம்பிக்கிட்டே சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் டிவி பார்க்கப் போய்விட்டாள்.

கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. அதைக் காகிதத்தில் எழுதி, சிவப்பு நீலம் பச்சை அடித்து, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன். குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். பொறாமை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது, அப்போது எனக்குத் தலைகால் புரியாத காலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்கு எனக்கே இஷ்டமில்லை, அதனால்தான் மீன் குழம்பைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் குழாயைத் திறப்பதாக இருந்தாலும், டேங்க் பக்கத்து வால்வு மூடியிருக்கிறதா என்று சிஃப்ட் லீடர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆப்பரேட்டர் கை வைக்கலாம். இது சட்டம். வழக்கம் வேறு. ஆப்பரேட்டர் வாக்கிடாக்கியில் கேட்பார், லீடர் அறையில் உட்கார்ந்தபடியே "ஓகே, தொற" என்பார். சிஃப்ட் முடியும்போது அன்றைய பத்துப் பாரத்துக்கும் ஒரேயடியாகக் கையெழுத்து விழும். இருபது வருடமாக இப்படித்தான். சூப்பர்வைசர் லீ இப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான். ஒன்றும் நடந்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றே கால். நான் கண்ட்ரோல் ரூமில் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் செய்தி என்பதால் ஆசையாக எடுத்தது. சிம்பாங் ரெங்கம் அருகே நெடுஞ்சாலையில் முட்டைக்கோசு ஏற்றிவந்த ஒரு லாரி. ஒரே வாக்கியம், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு வார்த்தை. லாரி இரண்டாவது வார்த்தையிலேயே வந்துவிட்டது. அதற்குச் சிவப்பு அடித்துவிட்டேன். அப்புறம் முட்டைக்கோசு எங்கே விளைந்தது, எங்கே போகிறது, டிரைவருக்கு என்ன வயது, அவருக்கு மூவார் பக்கம் எந்தக் கிராமம் என்று சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லாரி என்ன செய்தது என்று மட்டும் வரவில்லை. நீலப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தடவிக்கொண்டு போனேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது. லெட்சுமணன் அண்ணன்.

"நாதா, ஏழாம் டேங்க் பம்பு வடிகட்டிய கழுவணும். மேல வால்வு மூடியிருக்கா? ஒருவாட்டி பாத்து சொல்றியா?"

பார்த்துச் சொல் என்றுதான் கேட்டார். ஏழாம் டேங்க் என் அறையிலிருந்து நடந்தால் மூன்று நிமிடம். இருபத்தைந்தாவது வார்த்தையில் விரல் இருந்தது. எடுத்தால் இடம் போய்விடும்.

"மூடித்தான் இருக்குண்ணே. தொறங்க" என்றேன், தலையைத் தூக்காமல்.

"பாத்துட்டியா?"

"ஆமாண்ணே, தொறங்க."

முப்பத்தாறாவது வார்த்தையில் அந்த லாரி கவிழ்ந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீலக் கோடு போட்டு முடிக்கவில்லை, வெளியே கத்தினார்கள்.

காலை சிஃப்டில் யாரோ அந்த வால்வைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். அண்ணன் வடிகட்டி மூடியைக் கழற்றியதும் சுடு எண்ணெய் பீறிட்டு அவர் இடது கையில் முழங்கை வரை அடித்தது. அவர் அந்தக் கையோடு படியேறிப் போய் வால்வை மூடியிருக்கிறார். அதற்குள் இரண்டு டன் எண்ணெய் கால்வாயில் ஓடி, ஆறிய நெய் மாதிரி உறைந்து கிடந்தது. ஆள் பிழைத்தார். தோல் வழன்று போன கையைத் தண்ணீர்க் குழாயடியில் நீட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். நான் பேய் முழி முழித்துக்கொண்டு நின்றேன்.

கால்வாயில் எண்ணெய் போனால் சுற்றுச்சூழல் துறை ஆட்கள் வருவார்கள். அதனால் மேலிடத்துக்கு அன்றைக்கே ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள், ஒரு பக்கம், ஆங்கிலத்தில். சூப்பர்வைசர் லீ என் தோளைத் தட்டி, உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்றார். இருபத்தாறு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

உட்கார்ந்து எழுதினேன். அடித்து அடித்து இரண்டு மணி நேரம். சும்மா சொல்லக் கூடாது, அப்படியே பத்திரிகையில் வந்த மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே நேரம், இடம், எண்ணெயின் அளவு எல்லாம் வந்துவிட்டது. இரண்டாவது வரியில், ஐம்பத்தேழு வயதான, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான, மாசாயைச் சேர்ந்த ஆப்பரேட்டர் ஒருவர், கையெழுத்தாகாத பாரத்துடன் வடிகட்டியைத் திறந்ததாக எழுதினேன். ஆலை ரிப்போர்ட்டில் எவனாவது ஆளின் பிள்ளைகளை எண்ணுவானா? நான் எண்ணினேன். காயம்பட்டவர் நிலையாக இருப்பதாகவும் எழுதினேன். கடைசியில் மேல்விசாரணை நடைபெறுவதாகக்கூடப் போட்டேன், யார் நடத்தப் போகிறார்கள் என்று தெரியாமலே.

வாக்கிடாக்கியில் அவர் கேட்டதும் நான் சொன்னதும் அதில் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. எழுதும்போது அது என் கண்ணெதிரிலேயே நின்றது. ஒரு பக்கம்தானே, இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு இடமிருந்தது.

கிளினிக்கிலிருந்து கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணே."

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வலது கையால் போட்டார். கையெழுத்து அழகாக, தமிழில்.

மறுநாள் ஆள்நிர்வாக அதிகாரி சல்வா, நாங்கள் மரியாதையாகப் புவான் சல்வா என்போம், அந்த ரிப்போர்ட்டை எல்லா சிஃப்டுக்கும் அனுப்பி, இப்படித்தான் எழுத வேண்டும் என்று குறிப்பு வைத்தார். சூப்பர்வைசர் லீ தன் நாற்காலியைச் சுழற்றிக் காட்டி, பழகிக்கொள் என்று சிரித்தார். நான் பழகிக்கொள்ளத் தயாராகிவிட்டேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆனால் பெருமை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை அந்த ரிப்போர்ட்டை ஃபரீஹாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு. வகுப்பில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் என் பேனாக்களையே வாங்கி வரி வரியாகக் கோடு போட்டாள். முடித்துவிட்டுப் பேனாக்களை மூடி வைத்தாள்.

"எழுத்து நல்லா இருக்கு அங்கிள். ஆனா செவப்பு ஒரே ஆளு மேலதான் விழுது. ஆப்பரேட்டர், ஆப்பரேட்டர், ஆப்பரேட்டர். அவரு பாட்டுக்கு வந்து தொறந்தாரா? யாருகிட்டயும் கேக்கலையா?"

"செய்தினா அப்படித்தாம்மா இருக்கும்."

"செய்தி எழுதறவரு அங்க இல்லாதவரு அங்கிள். நீங்க அங்கதான இருந்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "படிச்சுக் குடுக்கற வேலைய மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கீழே சுப்ஹான் பாய், "தே தாரிக் குடிக்காம போறீங்க?" என்று கேட்டார். அவருக்கும் ஏதோ கடுப்பாகப் பதில் சொன்னதாக ஞாபகம். தப்புச் செய்தவனுக்குக் கோபம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் லெட்சுமணன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கம்பெனி உறை. வாசுகி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க நாதா. இங்கிலீஷ்ல இருக்கு. புவான்கிட்ட கேக்கலாம்னு பாத்தேன், அப்புறம் நீ இருக்கும்போது எனக்கென்னன்னு வந்துட்டேன். படிச்சு சொல்லு."

பிரித்தேன். அதுவரை ஒரு கடிதத்தை முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் நான் புரிந்துகொண்டதில்லை. இதைப் புரிந்துகொண்டேன். சிவப்புப் பேனா தேவையே இல்லை. அனுமதியின்றிக் குழாயைத் திறந்து கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியதற்கு ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். ஆதாரம், இணைப்பில் உள்ள ரிப்போர்ட். இணைப்பைத் திருப்பினால் என் ரிப்போர்ட். என் பெயர் கீழே கொட்டை எழுத்தில்.

"என்னா சொல்றாங்க?"

"விசாரணைக்குக் கூப்புட்றாங்கண்ணே. சும்மா, வழக்கமா கேக்கறதுதான்."

"அதான் நீ எல்லாம் எழுதிட்டியே, இன்னும் என்னா கேக்கறாங்க? சரி. நீ என்கூட வா. அவங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க, எனக்கு வாய் வராது. நீ பேசு."

வருகிறேன் என்றேன். வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர். முப்பத்தொரு வருட வேலை. அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, என் மூன்று பேனாக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

வாசுகி டம்ளரை எடுக்க வந்தாள். எடுக்காமல் நின்றாள்.

"அந்த லெட்டர்ல வேற ஏதோ இருக்கு."

"ஒண்ணுமில்ல."

"நீங்க பொய் சொல்லும்போதுதான் இவ்வளவு மெதுவா பேசுவீங்க. இல்லாட்டி நாலு வீட்டுக்குக் கேக்கும்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் டேங்க், வாக்கிடாக்கி, ரிப்போர்ட், எல்லாம். லாரியைக்கூடச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி, அதிலேயே அன்றைய பொழுதை ஓட்டியிருப்பேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு, "அவரு சம்சாரத்துக்கு நான் எப்படி மூஞ்சிய காட்டுவேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வியாழன் வரை என்னிடம் பேசவில்லை.

நான் அப்போதும் திருந்தவில்லை, கேளுங்கள். உண்மையைச் சொல்லாமலே அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. அதற்கு ஓர் ஆங்கில உரை தயாரித்தேன். அவருடைய நீண்ட சேவை, அப்பழுக்கில்லாத வருகைப் பதிவு, கைக்காயத்தோடு வால்வை மூடிய துணிச்சல், எல்லாம் இரண்டு பக்கம். மந்திரிகள் இறந்துபோனவர்களைப் பற்றிச் சொல்வதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருந்தேன். குளியலறைக் கண்ணாடி முன் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். கண் கலங்கியது. என் ஆங்கிலத்தைக் கேட்டு நானே அழுதேன்.

வியாழக்கிழமை பத்து மணி. மேசைக்கு அந்தப் பக்கம் புவான் சல்வா, பக்கத்தில் ஆலை மேனேஜர். இந்தப் பக்கம் அண்ணனும் நானும். அண்ணன் தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுவந்திருந்தார். நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரியில் புவான் சல்வா கையை உயர்த்தினார்.

"என்சிக் கமலநாதன், உட்காருங்கள். மலாயிலேயே பேசலாம். நாம் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தானே" என்றார் மலாயில். ரிப்போர்ட்டுக்குத்தான் ஆங்கிலம், விசாரணைக்கு எந்த மொழியும் சரி என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்ததாம். ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டேன் என்று சொன்னேனே, அந்த லட்சணம் இதுதான்.

உட்கார்ந்தேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"என்சிக் லெட்சுமணன், திறப்பதற்கு முன்னால் யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பயமில்லை, சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தெரிந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கு இருக்குமே ஒரு தெம்பு, அதுதான் அந்த முகத்தில் இருந்தது.

"கேட்டேன் புவான்" என்றார் மலாயில். "எல்லாம் இவர் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதத்தில் இருக்கிறது, பாருங்கள்."

புவான் சல்வா காகிதத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இதில் இல்லையே" என்றார்.

அண்ணன் சிரித்தார், புவானுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதுபோல. "இருக்கும் புவான். நல்லா பாருங்க." அந்தக் கடைசி வார்த்தைகள் தமிழிலேயே வந்தன.

எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அந்த மனிதர் என் ரிப்போர்ட்டுக்காக ஓர் அதிகாரியோடு வாதாடிக்கொண்டிருந்தார், தன் வேலை போகும் நேரத்தில், நான் எழுதியிருப்பேன் என்று. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அதில் இல்லை புவான்" என்றேன். "நான் எழுதவில்லை. இவர் கேட்டார். பார்த்துச் சொல் என்று இரண்டு முறை கேட்டார். நான் பார்க்காமலே திறக்கச் சொன்னேன்."

"பார்க்காமல்? அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்."

"வேலை நேரத்திலா?"

"ஆமாம் புவான். ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்காக."

ஆலை மேனேஜர் இருமினார். சிரிப்பை அடக்கினாரா என்று தெரியாது. அடக்கியிருந்தால் நல்ல மனுஷன்.

எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். அந்த அரை மணி நேரமும் அண்ணன் சுவரில் இருந்த பாதுகாப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்கள். அண்ணன் மேல் இருந்த குற்றச்சாட்டு ரத்து, அவருக்கு வேலை இருக்கிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், திங்கள் முதல் லீடர் பதவி கிடையாது, சாதாரண ஆப்பரேட்டர். சூப்பர்வைசர் நாற்காலியைப் பற்றி அவர்கள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வரும்போது எனக்கு உண்மையிலேயே லேசாக இருந்தது. அண்ணன் என் தோளில் கை போடுவார், தப்பு யாருக்கும் வரும் நாதா என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். பாருங்கள் என் ஆசையை.

வாசலுக்கு வெளியே கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, இணைப்பைத் தனியாகப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"படி" என்றார். "தமிழ்ல சொல்லிச் சொல்லி படி."

"வேணாண்ணே. அதான் முடிஞ்சிருச்சே."

"நான் கையெழுத்துப் போட்ட காகிதம் நாதா. அதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

படித்தேன். முதல் வரியிலிருந்து. லாரிகளும் பஸ்களும் போகிற சத்தத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னேன். இரண்டு மணி நேரம் அடித்து அடித்து எழுதியது, இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்போல் இருந்தது, தீரவில்லை. ஆப்பரேட்டர் என்று வரும் இடங்களில் என் குரல் இறங்கியது. "சத்தமா சொல்லு" என்றார். சத்தமாகச் சொன்னேன். கடைசி வரி வரை அவர் குறுக்கே பேசவில்லை. புதுத்தோல் வந்துகொண்டிருந்த கையை வெயில் படாமல் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார் கடைசியில். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "கேக்கும்போது எனக்கே, நாந்தான் தப்பு பண்ணிட்டேன்னு தோணுது."

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் தலையாட்டினார். காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். அப்புறம், நாளைக்கு எத்தனை மணி சிஃப்ட் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"இனிமே லெட்டரு ஏதாச்சும் வந்தா, வேற யாருகிட்டயாச்சும் காட்டிக்கிறேன் நாதா."

"சரிண்ணே" என்றேன்.